கண் பிரஷர் உள்ளவர்கள் புரை ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

கண் சிகிச்சைக்கு உதவி கேட்டு வருகிற பெரியவர்களிடமிருந்து ஒரு கேள்வி நமக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. "கண்ணில் புரை முத்தியிருக்கு, ஆபரேஷன் செய்யணும்னு சொல்றாங்க. எனக்கு ஏற்கெனவே கண் பிரஷர் இருக்கு, சொட்டு மருந்து போட்டுட்டு இருக்கேன். ஆபரேஷன் செஞ்சா பிரஷர் ஏறிடுமா?" என்று பயந்து கேட்பவர்கள் ஒரு பக்கம். "புரையை எடுத்துட்டா பிரஷரும் போயிடுமாமே, அப்புறம் சொட்டு மருந்தே வேண்டாமாமே" என்று சந்தோஷமாகக் கேட்பவர்கள் இன்னொரு பக்கம்.

இருவருக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. பெரும்பாலானவர்களுக்குப் பிரஷர் கொஞ்சம் இறங்கும். ஒரு வகையினருக்கு நன்றாகவே இறங்கும். முதல் ஒரு நாளில் சிலருக்கு ஏறும். ஆபரேஷனுக்குப் பிறகு போடும் மருந்தினாலேயே ஏறுபவர்களும் இருக்கிறார்கள். நமக்கு எது பொருந்தும் என்பது நம் கண்ணில் எந்த வகைக் கோளாறு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நாங்கள் மருத்துவர்கள் அல்லர். டாக்டரிடம் போகும்போது எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காகவே இதை எழுதுகிறோம்.

இரண்டும் வேறு வேறு நோய்

புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாகி மங்கிப்போவது. எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பிவிடும். கண் நீர் அழுத்த நோய் அப்படி அல்ல. மருத்துவர்கள் குளுக்கோமா என்பதும், நாம் வீட்டில் 'கண் பிரஷர்' என்பதும் இதைத்தான். கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பை இது கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. முதலில் பக்கப் பார்வை போகும், நேர்ப் பார்வை கடைசியில்தான் போகும். அதனால் வெகு நாள் வரை யாருக்கும் தெரிவதில்லை. போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர இன்று எந்த மருந்தும் ஆபரேஷனும் கிடையாது. இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே முடியும். (ரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. பி.பி. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், அதனால் கண் பிரஷரும் சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.)

தெரியாமலே இருக்கிறது என்று சொன்னோம் அல்லவா, அது எவ்வளவு தூரம் உண்மை என்பதற்கு நம் மாநிலத்திலேயே கணக்கு இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையைச் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களின் கிராமங்களில் 40 வயது தாண்டிய 5,150 பேரைப் பரிசோதித்து, 2003-ல் முடிவை வெளியிட்டது. நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், தமக்கு அது இருப்பதே தெரியாதவர்கள். புரைக்காக டாக்டரிடம் போன இடத்தில்தான் பலருக்குக் கண் பிரஷர் இருப்பதே தெரிய வருகிறது. அந்த வகையில் புரை சிலருக்கு நன்மையும் செய்திருக்கிறது.

தொட்டியும் வடிகாலும்

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கிறது. தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் மெல்லியதாக ஊற்றிக்கொண்டே இருக்கிறது, அடியில் வடிகால் வழியாக அதே அளவு வெளியே போகிறது. தொட்டியின் மட்டம் மாறுவதில்லை. கண்ணில் அந்த வடிகால், கருவிழியும் அதன் பின்னால் இருக்கும் நிறத்திரையும் சேருகிற மூலையில் சல்லடை போல அமைந்திருக்கிறது. வடிகால் சரியாக வேலை செய்தால் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் நிற்கும். அடைப்பு வந்தால் ஏறும்.

அடைப்பு இரண்டு விதமாக வரும். ஒன்று, மூலை அகலமாகத் திறந்தே இருக்கும், சல்லடைக்குள்தான் கோளாறு. இது திறந்த கோண வகை. மற்றொன்று, சல்லடை நன்றாக இருக்கும், ஆனால் நிறத்திரை முன்னால் தள்ளப்பட்டு மூலையையே மூடிவிடும். இது மூடிய கோண வகை. தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்புகளில் இந்த இரண்டாவது வகையும் கணிசமாகவே இருந்தது.

நிறத்திரையை முன்னால் தள்ளுவது யார்? பெரும்பாலும் நம்முடைய லென்ஸ்தான். வயது ஏற ஏற லென்ஸ் தடித்துக்கொண்டே போகிறது. முதுமையில் சுமார் 5 மி.மீ. கனம் வந்துவிடும். அதை எடுத்துவிட்டு வைக்கும் செயற்கை லென்ஸின் கனம் ஏறக்குறைய 1 மி.மீ. மட்டுமே. சின்ன அறையிலிருந்து பெரிய பீரோவை வெளியே எடுத்தால் எப்படி இடம் கிடைக்குமோ அப்படி, நிறத்திரை பின்னால் நகர்கிறது, மூலை திறக்கிறது, நீர் வடியத் தொடங்குகிறது. புரை ஆபரேஷனால் பிரஷர் இறங்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான். திறந்த கோண வகையிலும் சிறிது இறங்குகிறது. லென்ஸ் போனபின் சல்லடை மேல் இழுவை மாறி அது கொஞ்சம் விரிகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

எவ்வளவு இறங்கும்? அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2015-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மருந்தால் கட்டுப்பாட்டில் இருக்கும் திறந்த கோண வகையினருக்குச் சராசரியாக 13 சதவீதம் இறங்கியிருந்தது. லென்ஸின் மேல் வெள்ளைத் தூள் போல் படியும் ஒரு வகை உண்டு, நம் கிராமத்துப் பெரியவர்களிடம் அடிக்கடி காண்பது. அவர்களுக்கு 20 சதவீதம். நாள்பட்ட மூடிய கோண வகையினருக்கு 30 சதவீதம். அதாவது திறந்த கோண வகையில் 20 இருந்தவருக்கு ஏறக்குறைய 17 ஆகலாம். மூடிய கோண வகையில் 24 இருந்தவருக்கும் அதே 17-க்கு வரலாம். இவை சராசரிகள். ஒருவருக்கு இதைவிட அதிகமாகவும் இறங்கலாம், இன்னொருவருக்கு ஒன்றும் இறங்காமலும் இருக்கலாம். பொதுவாக, முன்பு எவ்வளவு அதிகமாக இருந்ததோ அவ்வளவு அதிகமாக இறங்குகிறது.

மூடிய கோண வகையில் இந்தப் பலன் எவ்வளவு என்பதை 2016-ல் லான்செட் இதழில் வந்த 'ஈகிள்' ஆய்வும் காட்டியது. பிரிட்டன், சீனா, சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் 419 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களுக்குப் புரையே இல்லை. பாதிப் பேருக்கு வழக்கமான லேசர் சிகிச்சை. பாதிப் பேருக்குத் தெளிவான லென்ஸையே எடுத்துவிட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது லென்ஸ் எடுத்தவர்களுக்கு அழுத்தமும் சற்றுக் குறைவு, தேவைப்பட்ட சொட்டு மருந்தும் குறைவு. ஆகவே மூடிய கோண வகை உள்ளவருக்குப் புரையும் இருந்தால், "பிரஷர் இருக்கிறதே" என்று ஆபரேஷனைத் தள்ளிப் போடுவதில் அர்த்தமில்லை. பிரஷருக்காகவேகூட டாக்டர் அதைச் செய்யச் சொல்லலாம்.

எனவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எனக்குத் திறந்த கோணமா, மூடிய கோணமா?" கண்ணின் மேல் ஒரு சிறிய கண்ணாடியை வைத்து மூலையைப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி பரிசோதனையில் இது தெரிந்துவிடும். வலிக்காது.

"இன்னும் முத்தட்டும்"

புரை நன்றாக முத்தின பிறகுதான் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று நம் வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். பேத்தி நிக்காஹ் முடியட்டும், நோன்பு முடியட்டும், அந்தக் கண் நன்றாகத்தானே தெரிகிறது என்று வருடங்கள் போகின்றன. பழைய ஆபரேஷன் முறையில் அந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் இருந்தது. இன்று இல்லை. அதிலும் கண் பிரஷர் விஷயத்தில் அது ஆபத்து. அளவுக்கு மீறி முத்திய லென்ஸ் உப்பிப்போய் மூலையை அடைத்துவிடும், அல்லது அதன் உள்ளே இருக்கும் புரதம் கசிந்து சல்லடையை அடைத்துவிடும். இரண்டிலும் அழுத்தம் திடீரென்று ஏறும். கண் செக்கச் சிவந்து, தாங்க முடியாத வலியும் தலைவலியும் வாந்தியும் வரும். வாந்தியைப் பார்த்துப் பித்தம் என்றும், தலைவலியைப் பார்த்து ஒற்றைத் தலைவலி என்றும் நினைத்து வீட்டிலேயே இரண்டு நாள் கழிப்பவர்கள் உண்டு. அந்த இரண்டு நாளில் பார்வை நரம்பு போய்விடலாம். புரையாக மட்டும் இருந்தபோது செய்திருந்தால் திரும்பியிருக்கக்கூடிய பார்வை அது. சிவந்து வலிக்கும் கண்ணோடு வாந்தியும் இருந்தால் அன்றைக்கே, இரவானாலும், கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் நாளும் முதல் மாதமும்

ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்தில் பிரஷர் ஏறுவது உண்டு. ஆபரேஷனின்போது கண்ணுக்குள் ஒரு ஜெல்லைச் செலுத்துவார்கள். முடிவில் அதைக் கழுவி எடுத்தாலும் மிச்சம் கொஞ்சம் வடிகாலில் தங்கலாம். ஆரோக்கியமான கண்ணில் இது ஒரு நாளில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் நோய் முற்றி, நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் பார்வை மிஞ்சியிருக்கும் ஒருவருக்கு அந்த ஒரு நாள் ஏற்றமே மிச்சப் பார்வையைப் பறித்துவிடக் கூடும். அதனால்தான் அப்படிப்பட்டவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக அசிட்டஸோலமைடு மாத்திரை கொடுத்து, மறுநாள் காலையில் அழுத்தத்தைக் கட்டாயம் அளக்கிறார்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் முன்பே சொல்லிவிட வேண்டும். மறுநாள் பரிசோதனையை "கண் நல்லாத்தானே தெரியுது" என்று தவிர்க்கவே கூடாது. போகவர ஆள் இல்லை, பஸ் செலவுக்கு இல்லை என்றால் நம்மிடம் சொல்லுங்கள். அதற்குத்தான் டிரஸ்ட் இருக்கிறது.

அடுத்தது ஸ்டீராய்டு சொட்டு மருந்து. நாங்கள் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஆபரேஷனுக்குப் பின் வீக்கம் குறைய பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற மருந்தை நான்கு முதல் ஆறு வாரம் வரை, படிப்படியாகக் குறைத்துப் போடச் சொல்வார்கள். அந்த அளவில் அது தேவையான மருந்து. ஆனால் ஸ்டீராய்டுக்குக் கண் வடிகாலை அடைக்கும் குணம் உண்டு. எல்லோருக்கும் ஏறாது என்றாலும், ஏற்கெனவே கண் பிரஷர் உள்ளவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஏறும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இரண்டு மூன்று வாரம் கழித்து, வலி எதுவும் இல்லாமல், சத்தமில்லாமல் ஏறும். அதனால் ஒரு மாதத்துக்குள் வரச் சொல்லும் பரிசோதனையும் முக்கியம்.

வீட்டில் நடப்பது இப்படி: கையில் இரண்டு பாட்டில். ஒன்று ஆபரேஷன் மருந்து, ஆறு வாரத்தில் நிறுத்த வேண்டியது. மற்றொன்று பிரஷர் மருந்து, டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை போட வேண்டியது. "ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று பிரஷர் மருந்தை நிறுத்திவிட்டு, கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று ஸ்டீராய்டை மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி வாங்கி மாதக்கணக்கில் போடுகிறார்கள். நேர் தலைகீழ். பாட்டிலில் ஒரு சின்னத் துண்டுத் துணியோ கலர் டேப்போ ஒட்டி, எது எந்தத் தேதி வரை என்று வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையை எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பிரஷர் நன்றாக இறங்கி, டாக்டரே ஒரு மருந்தைக் குறைத்தால் அல்ஹம்துலில்லாஹ். நாமாக நிறுத்தக் கூடாது. இறங்கிய பிரஷர் சில வருடங்களில் மெல்ல மேலே வருவதும் உண்டு, ஆகவே வருடா வருடப் பரிசோதனை ஆபரேஷனோடு முடிந்துவிடுவதில்லை.

தொழுகை, நோன்பு

ஆபரேஷன் ஆன முதல் ஒன்றிரண்டு வாரம் தலையைத் தாழ்த்திக் குனிய வேண்டாம், கண்ணில் தண்ணீர் பட வேண்டாம் என்று சொல்வார்கள். ருகூவும் சஜ்தாவும் செய்ய முடியாத நாட்களில் நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழும் சலுகை மார்க்கத்தில் இருக்கிறது. ஒளு பற்றி உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் கேளுங்கள். ஊசி முனை போன்ற சிறு துளை வழியாகச் செய்யும் பேக்கோ முறைக்கும் மற்ற முறைக்கும் வித்தியாசம் உண்டு.

ரமலானில் பிரஷர் மருந்தையே ஒரு மாதம் நிறுத்துகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1997-ல் எடுத்த தீர்மானத்தில், கண்ணில் விடும் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது, தொண்டைக்கு வருவதை விழுங்காமல் இருந்தால் போதும் என்று கூறியிருக்கிறது. அப்படியும் மனம் ஒப்பாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு முறை இரவில் போடும் மருந்தைத் தராவீஹுக்குப் பின் போடலாம். இரண்டு வேளை மருந்தை ஸஹரிலும் இஃப்தாரிலும் போட்டால் நம் ஊர் நேரக் கணக்கில் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேர இடைவெளியே வருகிறது. மூன்று வேளை மருந்து என்றால் நோன்புக்கு முன்பே டாக்டரைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும். டிமோலோல் போடுபவர்களுக்கு இது நோன்பு இல்லாத நாளிலும் நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் டிமோலோல் போடலாமா என்று தனியே கேட்க வேண்டும்.

போவதற்கு முன்

முன்பே பிரஷருக்காக வடிகால் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பின்னால் செய்யும் புரை ஆபரேஷனால் அந்தப் புது வடிகால் தழும்பேறி அடைபட்டு, பிரஷர் ஏற வாய்ப்புண்டு. டாக்டர் சில மாதங்கள் காத்திருக்கச் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது. நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் ஒரே தடவையில் சேர்த்துச் செய்வதும் உண்டு.

லென்ஸ் தேர்வில், "இதை வைத்தால் கண்ணாடியே வேண்டாம்" என்று சொல்லப்படும் விலை உயர்ந்த மல்டிஃபோகல் லென்ஸ் கண் பிரஷர் உள்ளவர்களுக்குப் பொதுவாக ஏற்றதல்ல. நரம்பு கெட்ட கண்ணில் மங்கலான வெளிச்சத்தில் பார்க்கும் திறன் ஏற்கெனவே குறைவு, அந்த லென்ஸ் அதை மேலும் குறைக்கும். கடன் வாங்கி அதை வைக்க வேண்டாம். சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸே போதும். மதுரையில் 1992-ல் தொடங்கிய ஆரோலேப் அத்தகைய லென்ஸ்களை இங்கேயே தயாரித்து விலையை வெகுவாகக் குறைத்தது.

கோவையில் அவினாசி ரோட்டில் 1997 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சத்தி ரோட்டில் சிவானந்தபுரத்தில் சங்கரா கண் மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. வசதியில்லாதவர்களுக்குக் கட்டணமில்லாத சிகிச்சைக்கு இந்த இடங்களில் வழி இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கொண்டுபோய், உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதில் வருமா என்று கேளுங்கள். முகாம் வழியாகப் போவதும் நல்லதே. ஆனால் முகாமில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கிறார்கள். உங்களுக்குக் கண் பிரஷர் இருப்பதை நீங்கள் சொன்னால்தான் உறுதியாகத் தெரியும். பழைய சீட்டு, பக்கப் பார்வைப் பரிசோதனைத் தாள், இப்போது போடும் பாட்டில்கள், மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். சிறுநீர்த் தொல்லைக்கு டாம்சுலோசின் சாப்பிடும் ஆண்கள் அதைக் கட்டாயம் காட்ட வேண்டும். அந்த மாத்திரையால் நிறத்திரை தளர்ந்துபோய் ஆபரேஷன் சிக்கலாகிறது, முன்பே தெரிந்தால் டாக்டர் தயாராக இருப்பார்.

ஆபரேஷனுக்கு முன் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: "நரம்பு எவ்வளவு போயிருக்கிறது? புரையை எடுத்தால் எவ்வளவு தெரியும்?" மங்கலில் புரையால் வந்தது எவ்வளவோ அவ்வளவுதான் திரும்பும். இதை முன்பே பேசாததால், "ஆபரேஷன் செஞ்சும் அத்தாவுக்குச் சரியாத் தெரியலையே, டாக்டர் கெடுத்துட்டார்" என்று பிள்ளைகள் கோபப்படுவதைப் பார்க்கிறோம். கெடுத்தது பெரும்பாலும் பல வருடமாகக் கவனிக்கப்படாத பிரஷராகத்தான் இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு, புரை மறைக்காத நிலையில், பக்கப் பார்வைப் பரிசோதனையைப் புதிதாக ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டால் இனிமேல் நோய் நகர்கிறதா என்பதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்த நோய் குடும்ப வழியாகவும் வருகிறது. அத்தாவை, அம்மாவை ஆபரேஷனுக்குக் கூட்டிச் செல்லும் பிள்ளைகளில் 40 வயது தாண்டியவர்கள், அங்கே காத்திருக்கும் நேரத்தில் தங்கள் கண்ணையும் காட்டி, "எங்கள் வீட்டில் கண் பிரஷர் இருக்கிறது" என்று சொல்லி அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவரின் உடன்பிறந்தவர்களுக்கும் போன் செய்து சொல்லிவிடுங்கள்.